மதுரையில் வழிகாட்டியோடு நடந்து ஊர் பார்ப்பது காசுக்குத் தகுமா?

கோயில் பார்த்தாயிற்று, சுற்றியுள்ள பழைய ஊரைப் பார்க்க வழிகாட்டி வேண்டுமா, கூகுள் மேப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்த நானே காசு கொடுத்துப் போனவன். கோவையிலிருந்து வந்த அக்கா மகன் இழுத்துப் போனான். "எனக்கே மதுரையைக் காட்டப் போறாங்களா மாப்ளே?" என்று நக்கலடித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

அம்மன் சன்னதிக்குக் கிழக்கே விட்டவாசலில் வாய் அடைத்துவிட்டது. சின்ன வயதில் அதற்கடியில் எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்பேன்! பாண்டியர் கோட்டையின் கீழவாசல் அது. விசுவநாத நாயக்கர் பிறகு கோட்டையை வெளியே தள்ளிக் கட்டினார். அங்கிருந்து வெளி வீதிக்கு நடந்தால் ஊர் எவ்வளவு அகன்றது என்பது காலுக்கே தெரியும்.

அந்த நாயக்கர் கோட்டையை 1840-களை ஒட்டி இடிக்க வைத்தவர் கலெக்டர் பிளாக்பர்ன். ஊருக்குள் நெரிசல், அகழியில் அசுத்தம். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த இடம் சொந்தம் என்றார். விடுவார்களா நம் ஆட்கள்? அப்படிக் கிடைத்த இடத்தில்தான் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். மாரட் என்பது மராட்டியர் சம்பந்தப்பட்டது என்றே நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன். இடிப்பு வேலையைப் பார்த்த சர்வேயர் பெயராம். மேஸ்திரியும் அதே வேலையில் இருந்தவர்தான். பிளாக்பர்னுக்கு ஊர்க்காரர்கள் வைத்த விளக்குதான் விளக்குத்தூண்.

பத்துத்தூணை நீங்களாகத் தேடினால் தவறவிட வாய்ப்பு அதிகம். ஜவுளிக்கடைச் சந்துக்குள், கூரை எதுவும் இல்லாமல், திருமலை நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய பத்துக் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நானும் மாப்பிள்ளையும் கையைக் கோத்து ஒன்றைக் கட்டிப் பிடித்துப் பார்த்தோம், எட்டவில்லை. எதிர்க்கடைப் பையன் சிரித்துக்கொண்டே வந்து மூன்றாவது கை கொடுத்தான்.

எங்களோடு வந்த வழிகாட்டி, திருமலை நாயக்கர் மஹாலுக்கும் கோயிலுக்கும் சுரங்கப்பாதை உண்டு என்று ஒரு போடு போட்டார். அதையெல்லாம் கதையாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்கே தொடங்கிவிடுங்கள். கடை திறந்துவிட்டால் நடக்கவே இடமிருக்காது. மஹால் ஒன்பதுக்குத்தான் திறக்கும், அதைக் கடைசியில் வையுங்கள். மேலமாசி வீதியில் 1921 செப்டம்பரில் காந்தி தங்கி, அரையாடைக்கு மாறிய வீடு இருக்கிறது. கிழக்குப் பக்கமே சுற்றும் வழிகாட்டிகள் அதை விட்டுவிடுவார்கள், பேசும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு ஜிகர்தண்டா கிடைக்காது. வழியில் பருத்திப்பால் வண்டி நின்றால் ஒரு டம்ளர் குடித்துவிட்டு நடங்கள்.