கேள்வி-பதில்: ட்ரம் மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: கோர்க் வோல்கா பீற்ஸ் வாங்கி இரண்டு கிழமை. இரவிரவாகப் பதிந்த தாளம் காலையில் இல்லை. கடையில் மாற்றித் தருவார்களா? (வெள்ளவத்தை)

பதில்: மெஷினில் பிழை இல்லை. நிறுத்தும் முன் நீங்கள் சேமிக்கவில்லை. ஃபங்க் பொத்தானை அழுத்தியபடி மெமரியைத் தட்டி, 1 முதல் 8 வரை ஒரு படிப் பொத்தானைத் தொட்டால்தான் தாளம் நிலைக்கும். இது கையேட்டிலேயே இருக்கிறது. அதை விரித்துப் பார்க்காமல் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: "1982இல் செய்த அசல் றோலண்ட் 808, யூ.எஸ்.பி. உண்டு" என்று ஒருவர் முற்பணம் கேட்கிறார். நம்பலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: 808 உற்பத்தி நின்றது 1983இல், யூ.எஸ்.பி. வந்தது 1996இல். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் குழு பைலாவும் வாசிக்கும், பக்திப் பாட்டும் வாசிக்கும். 16 படி மெஷினில் பைலா பதிந்தால் இடிக்கிறது. விலை கூடியது வாங்க வேண்டுமா? (பம்பலப்பிட்டி)

பதில்: வேண்டாம். 16 படி என்பது நாலு அடி, அடிக்கு நாலு துண்டு. பைலா ஆறு-எட்டில் ஓடுவது, அடியை மூன்றாகப் பிரிப்பது. 12 படியில் சுற்ற விடுங்கள், உட்கார்ந்துவிடும். பக்திப் பாட்டில் வரும் ரூபக தாளத்துக்கும் 12 போதும். கண்ட சாபுக்கு 10, மிஸ்ர சாபுக்கு 14. ஆகவே கடையில் "எத்தனை சத்தம் இருக்கு?" என்று கேட்பதைவிட "படியைக் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். வோல்கா பீற்ஸில் வேண்டாத படிகளை அணைத்தே குறைக்கலாம்.

இன்னொன்று, கையால் தட்டிப் பதியும்போது பல மெஷின்கள் அடியைக் கிட்டவுள்ள படிக்கு இழுத்துவிடும். பைலாவின் துள்ளல் அங்கேதான் தொலைகிறது. அதையும் தட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: பஜனைக்கு என்று புறக்கோட்டையில் ஒரு சின்ன ட்ரம் மெஷின் வாங்கினேன். அடாப்டர் இருக்கவில்லை. "9 வோல்ட் எதுவும் சரி" என்று கடைக்காரரே ஒன்று விற்றார். செருகியதும் கருகல் மணம். இப்போது என் பிழை என்கிறார். பில் இருக்கிறது. (தெமட்டகொட)

பதில்: உங்கள் பிழை இல்லை அம்மா. வாசிக்கவே கோபம் வருகிறது. "9 வோல்ட் எதுவும் சரி" என்ற அந்த ஒரு வசனத்தை நான் எத்தனை கடையில் கேட்டுவிட்டேன்! வோல்ட் மட்டும் ஒத்துப்போனால் போதாது. வோல்கா வகைக்கு முனையின் உள்பக்கம் பிளஸ், பொஸ் கிற்றார் பெடல்களுக்கு உள்பக்கம் மைனஸ். இரண்டும் 9 வோல்ட்தான். அடாப்டரின் முதுகில் வட்டமும் புள்ளியும் போட்ட சின்னப் படம் இதைத்தான் சொல்கிறது. மெஷினிலும் அதே படம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விற்கிறவர் அதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அது அவருடைய வேலை.

முதலில் கடைக்குப் போய் மாற்றித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி எண்ணில் அழையுங்கள். முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பில்லைப் போட்டோப் பிரதி எடுங்கள், வெப்பத்தாளில் அடித்த எழுத்து மங்கிவிடும். கருகிய அடாப்டரை எறியாதீர்கள்.

கேள்வி: பாவித்த சீக்வென்சர் (தாளத்தைப் படிபடியாகப் பதிந்து ஓட்டும் மெஷின்) வாங்கலாமா? (தெஹிவளை)

பதில்: வாங்கலாம், ஆனால் நான் வாங்கியதுபோல வேண்டாம். விற்றவர் முன்பே பதிந்து வைத்த தாளங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, காசைக் கொடுத்தேன். வீட்டில் வந்து பதிய உட்கார்ந்தால் 11ஆவது பொத்தான் ஒரு தட்டுக்கு இரண்டு தரம் வேலை செய்தது, விளக்கு எரிந்து உடனே அணைந்தது. 14ஆவதை நகத்தால் குத்தினால்தான் அசையும். திரும்ப அழைத்தபோது அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே அவர் பதிந்ததை அழிக்கச் சொல்லுங்கள். 16 பொத்தானையும் நீங்களே அழுத்தி ஒரு தாளம் பதிந்து, சேமித்து, மெஷினை நிறுத்தித் திரும்பப் போடுங்கள். தாளம் அப்படியே இருந்தால் காசை எண்ணுங்கள்.