முதலாளி மேல் புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் என்ன செய்வது?

கோலாலம்பூரில் மேலாளரின் பாகுபாட்டைப் பற்றிப் புகார் கொடுத்த இரண்டே வாரத்தில் நீக்கக் கடிதம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் எழுத்து மூலம் மனு கொடுத்தாக வேண்டும். 61ஆவது நாள் போனால் கதவு அடைத்துவிடும். "நிறுவனத்திடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கிறேன்" என்று காத்திருந்தே இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. பேசுங்கள், ஆனால் மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

அங்கே முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதில் வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது. ஒத்துவராவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். நீக்கியதை நிறுவனம் ஒப்புக்கொண்டால், அதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. புகாருக்கும் கடிதத்துக்கும் நடுவே இரண்டே வாரம் என்பது உங்களுக்குச் சாதகம். மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், பழைய மதிப்பீட்டு அறிக்கை எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். பழிவாங்கல் நோக்கத்தை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், தேதிகள்தான் பேசும். வென்றால், வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதம், தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12.

பாகுபாட்டுக்குத் தனி வழியும் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்கீழ் தொழிலாளர் இலாகா அதை விசாரிக்கலாம்.

அப்புறம், "நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள், மரியாதையாக இருக்கும்" என்று மனிதவளப் பிரிவு தாளை நீட்டினால், அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.