கேளுங்கள், சொல்கிறோம்: கடலுக்குள் கருவி மக்கர் செய்தால்

கேள்வி: காட்பாடியில் ஒரே அபார்ட்மென்ட்டில் இருக்கும் எட்டுப் பேர் சேர்ந்து புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடித்து, பொங்கல் லீவில் அந்தமான் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். படகிலேயே என் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) புஸ்ஸென்று சத்தம் போட்டது. எல்லாரும் மாட்டிக்கொண்டு ரெடியாக இருந்தார்கள், கைடும் "ஒன்னும் ஆகாது சார்" என்றார், நானும் பேசாமல் குதித்துவிட்டேன். கொஞ்ச நேரத்திலேயே பாதிக் காற்று போய்விட்டது, மொத்தக் குழுவும் மேலே வரவேண்டியதாயிற்று. காசு வீணாய்ப் போச்சு என்று ஒருவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மறுபடி போகத் திட்டம். நான் என்ன செய்திருக்க வேண்டும்?
— பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: குதிக்காமல் இருந்திருக்க வேண்டும். பேசாத நண்பர் ஒரு பிரியாணிக்கு வழிக்கு வருவார், அவரை விடுங்கள்.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் சீறினால் பெரும்பாலும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். வீட்டு கேஸ் சிலிண்டரில் வாஷர் போனால் வாசனை வருமே, அந்தக் கதைதான். வால்வை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் காற்றை வெளியே விட்டு, புது ரிங் போட்டால் முடிந்தது. படகில் உபரி ரிங்கும் உபரி ரெகுலேட்டரும் வைத்திருப்பார்களா என்பதை அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள், ஹேவ்லாக்கில் டைவிங் கடைக்கா பஞ்சம்!

வாயில் கடிக்கும் பகுதியிலிருந்து காற்று தானாகக் கொட்டினால் அது வேறு. தண்ணீரில் அதன் வாய் மேலே பார்த்தபடி கிடந்தாலே கொட்டும், கீழ்ப்பக்கம் திருப்பினால் நின்றுவிடும். திருப்பியும் நிற்கவில்லை என்றால் அந்தக் கருவியோடு இறங்கவே கூடாது, கைடு என்ன சொன்னாலும் சரி.

அப்புறம், படகில் உட்கார்ந்தே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, அவசரத்தில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலைந்து முறை நன்றாக இழுத்து மூச்சு விட்டபடி பிரஷர் மீட்டரையே பாருங்கள். நிறைந்த சிலிண்டர் என்றால் முள் 200 பாரை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து சரிந்து ஏறினால் சிலிண்டர் வால்வு முழுக்கத் திறக்கவில்லை என்று அர்த்தம், மேலே நன்றாக வருகிற காற்று ஆழத்தில் போதாமல் போகும். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் சிலிண்டரையே மாற்றச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, கம்ப்ரஸரில் அடைத்த சாதாரணக் காற்றுதான், கம்ப்ரஸர் சரியில்லை என்றால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். மிதவை ஜாக்கெட்டையும் முழுக்க ஊதி இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள், தளர்ந்தால் ஓட்டை.

தண்ணீருக்குள் போனபிறகு கொட்ட ஆரம்பித்தால் உதட்டை இறுக்கி மூடாதீர்கள், கொட்டுகிற காற்றிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சலாம், அல்லது ஜோடியாக வந்தவரின் உபரி ரெகுலேட்டரை வாங்கிக்கொள்ளலாம், எதுவானாலும் இருவரும் சேர்ந்து நிதானமாக ஏறுங்கள். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், அடக்கினால் நுரையீரல் கிழியும்.

உங்கள் குழுவுக்கு இன்னொன்று. ஒருவருக்குச் சிக்கல் என்றால் அவரும் அவர் ஜோடியும் ஏறினால் போதும், எட்டுப் பேரும் ஏறவேண்டும் என்பதில்லை. ஒரே கைடு இருந்ததால்தான் எல்லாரும் ஏறியிருப்பீர்கள். நாலு பேருக்கு ஒரு கைடு என்று கேளுங்கள், காசு கொஞ்சம் கூடும், கூடட்டும். கைச் சைகைகளையும் படகிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். விரித்த உள்ளங்கையை ஆட்டினால் 'ஏதோ சரியில்லை', பிறகு சரியில்லாத பொருளைச் சுட்டிக்காட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் நம் ஊரில் சூப்பர், அங்கே 'மேலே போகலாம்'. மீன் அழகாக இருக்கிறது என்று யாராவது கட்டைவிரலைக் காட்டிவிட்டால் அந்த டைவும் காலி!

கேள்வி: கண்ணாடி போடுபவன் நான். வாடகை மாஸ்க் பனி படர்கிறது, தண்ணீரும் உள்ளே வருகிறது. சொந்தமாக வாங்கலாமா?
— ஆற்காடு வாசகர்

பதில்: வாங்க வேண்டிய முதல் பொருளே மாஸ்க்தான். உங்கள் பவருக்கேற்ற லென்ஸ் பொருத்தியதாகவே கிடைக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே மாஸ்க் மாட்ட முடியாது, காதுக்குப் போகும் கம்பி ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் உங்கள் மாஸ்க். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும், வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இறங்கும்முன் உள்ளே எச்சில் தடவி அலசினால் போதும், கூச்சப்படாதீர்கள், எல்லாரும் செய்வதுதான். மீசை உண்டா? மூக்குக்குக் கீழே தண்ணீர் நுழைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மூக்கை ஒட்டி ஒரு கோடு அளவுக்குச் சிரைத்தால் சரியாகும்.

கேள்வி: குழுவில் ஒருவர் வாடகை டார்ச்சைக் கடலில் தொலைத்தார். பொதுப் பணத்திலிருந்து கொடுக்கலாமா, அவரே கட்ட வேண்டுமா? கடைசி நாள் இதில் சண்டையாகி, ஒரு டைவே போச்சு.
— ஆம்பூர் வாசகி

பதில்: கையிலிருந்து நழுவவிட்டால் அவர் கட்டட்டும். பழைய வார் அறுந்து போயிருந்தால் கடைக்காரரே பொறுப்பு, வாங்கும்போதே போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச வசதி. போன டைவுக்கு வருத்தப்படாதீர்கள், கடைசி நாள் டைவ் வைத்ததே தப்பு. பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், 24 விட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை கடைசி நாளைக் கடற்கரைக்கும் ஷாப்பிங்குக்கும் ஒதுக்குங்கள், கணக்கையும் அன்றைக்கே தீர்த்துக்கொள்ளலாம்.