பாட்டி ப்ரொன்வெனா, ப்ரொன்வினா?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். என் கணவரின் தாத்தாவும் பாட்டியும் வேல்ஸில் கார்மார்தன் பக்கமிருந்து இங்கே குடியேறியவர்கள். குடும்பப் பெயர் பவல். எங்கள் மகள் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பாட்டியின் நினைவாக 'ப்ரொன்வின்' என்று வைத்து, வேல்ஸ் முறைப்படி பவலுக்கு முன்னால் 'ஆப்' சேர்க்கலாமா? 'க்வென்லியன்' என்ற பெயரும் பிடித்திருக்கிறது, யார் வாயிலும் நுழையாதோ என்று பயம். மார்ச் 1 அன்று வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: விக்டோரியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம் உண்டு. அதனால் முதலில் பாட்டியின் திருமணச் சான்றிதழைத் தேடிப் பாருங்கள். வீட்டில் பழைய பைபிள் இருந்தால் அதன் முன்பக்கங்களையும் புரட்டுங்கள். பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் அதில் எழுதிவைக்கும் வழக்கம் அந்த ஊரில் இருந்தது. பெயர் 'ப்ரொன்வென்' என்றுதான் இருக்கும் என நினைக்கிறேன்.

காரணம் இதுதான். வேல்ஸ் மொழியில் 'க்வின்' என்றால் வெண்மை, புனிதம். பெண்பாலில் அது 'க்வென்' ஆகும், நம் வெள்ளையன், வெள்ளச்சி மாதிரி. அதனால் 'வென்' என்று முடிந்தால் பெண், 'வின்' என்றால் ஆண். ஆஸ்திரேலியாவில் ப்ரொன்வின் என்ற பெண்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் வேல்ஸ் பேசுகிறவர் காதில் அது இடறும். பாட்டி எப்படி எழுதினாரோ அப்படியே வையுங்கள்.

'ஆப்' வேண்டாம். அதற்கு 'இன்னாரின் மகன்' என்று பொருள். மேலும், அது உங்கள் குடும்பப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. 'ஆப் ஹவெல்', அதாவது ஹவெலின் மகன் என்பதுதான் தேய்ந்து பவல் ஆனது. ஆப் ரீஸ் ப்ரைஸ் ஆனதும், ஆப் ஓவைன் போவன் ஆனதும் இப்படித்தான். 1536க்குப் பிறகு இங்கிலாந்தின் சட்டமும் நிர்வாகமும் வேரூன்ற, தலைமுறைக்குத் தலைமுறை மாறிய அப்பா பெயர் மெல்ல நிலையான குடும்பப் பெயராக உறைந்துபோனது. இனிஷியலை விரித்து எழுதி, அப்பா பெயரே குடும்பப் பெயராகிப்போன தமிழர்களுக்கு இது சட்டென்று புரியும்.

மகளுக்கு உரிய சொல் 'வெர்க்'. கடைசி 'க்' தொண்டையில் உரசி வர வேண்டும். 'வெர்க்' சேர்த்து உங்கள் கணவரின் பெயரை நடுப்பெயராகப் போட்டு, பவலைக் கடைசியில் அப்படியே விட்டுவிடுங்கள். பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் குழப்பம் வராது.

க்வென்லியன் எனக்கு மிகவும் பிடித்த பெயர். வேல்ஸின் கடைசி சுதேச இளவரசரான லெவெலின் ஆப் க்ரிஃபித்தின் மகள் அவள். பிறந்தது 1282இல், அதே ஆண்டில் தந்தை கொல்லப்பட்டார். கைக்குழந்தையைத் தூக்கிப்போய் இங்கிலாந்தின் செம்ப்ரிங்கம் கன்னியர் மடத்தில் விட்டார்கள். 1337இல் அங்கேயே இறந்தாள். 2009இல் வடக்கு வேல்ஸில் ஒரு மலைச்சிகரத்துக்கு அவள் பெயரைச் சூட்டினார்கள். நடுவில் வரும் 'ல்ல்' ஒலிக்கு நாக்கை 'ல்' சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊதுங்கள். நாலு நாளில் வந்துவிடும். பிறர் வாயில் நுழையாது என்று பெயரைக் கைவிடாதீர்கள். 'ழ' வராதவர்களுக்காக நாம் யாழினியை விட்டுவிடவில்லையே.

மார்ச் 1 புனித டேவிட் நாள். அன்று வேல்ஸில் சட்டையில் டாஃபடில் பூ குத்திக்கொள்வார்கள். மெல்பர்னில் அது இலையுதிர் காலத் தொடக்கம், பூ கிடைக்காது. தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக் கிடைக்கும். அதுவும் அவர்கள் சின்னம்தான். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கோடு அதைப் போட்டுக் கொதிக்கவிட்டால் 'கவ்ல்' சூப் தயார்.

கூடவே 'பிக்கெ ஆர் அ மைன்' சுடுங்கள். 'கல்லின் மேல் சுட்ட கேக்' என்று பொருள். உங்கள் இரும்பு தோசைக்கல்லே போதும். 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 75 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு பிடி உலர்திராட்சை, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள். பிசைந்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து, வட்டமாக வெட்டிச் சிறுதீயில் போடுங்கள். இரண்டு பக்கமும் பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து, சூட்டோடு சர்க்கரையில் புரட்டிக் கொடுங்கள்.