முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்தால் பைக்கின் இழுவை கூடுமா?

கூடும். முன்னால் 15, பின்னால் 45 பல் இருந்த இடத்தில் முன்னால் 14 மாட்டினால் விகிதம் 3.0-லிருந்து 3.21 ஆகும், சக்கரத்தில் இழுவை சுமார் 7 சதவீதம் ஏறும். மேட்டில், பின்னால் ஆள் இருக்கும்போது நன்றாகவே தெரியும். ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சினும் அந்த அளவு கூடுதலாகச் சுழல வேண்டும்: 5,000 ஆர்பிஎம்மில் போனது சுமார் 5,360 கேட்கும். நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் வேண்டாம்.

வேக சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும். முன் சக்கரத்தில் இருந்தால் மாற்றமில்லை.

மாட்டியதும் செயின் தொய்யும். பின் ஆக்சிலைத் தளர்த்தி, மேனுவலில் உள்ள அளவுக்குச் சரிசெய்து, ஆக்சிலின் இருபக்கக் குறிகளும் ஒத்து நிற்கின்றனவா பாருங்கள். பழைய செயினைப் புது ஸ்ப்ராக்கெட்டில் தயவுசெய்து போடாதீர்கள். தேய்ந்து நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி, பற்களைச் சீக்கிரமே கொக்கியாகத் தேய்த்துவிடும்.