கணினிக் கேள்வி நேரம்: கறுப்புத் திரையில் பேக்கப்

(மொரீஷியஸ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இதழின் கணினிக் குழு பதில் தருகிறது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி அச்சிட்டிருக்கிறோம். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், கோடும் இடைவெளியும் மாறாமல் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம்.)

கேள்வி: கோயில் சங்கத்தின் லினக்ஸ் லேப்டாப்பில் காவடிப் படங்களும் வரவு செலவுக் கணக்கும் சேர்த்து 180 ஜிபி இருக்கிறது. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் 320 ஜிபி எக்ஸ்டர்னல் டிரைவில் ஏற்றுகிறோம். இப்போது ‘கோயில்’ ஃபோல்டருக்குள் இன்னொரு ‘கோயில்’ ஃபோல்டர் இருக்கிறது, டிரைவும் நிரம்பிவிட்டது. டெலீட் ஆப்ஷன் போட்டால் சரியாகுமா? (காத்ர் போர்ன்)

சரியாகும். ஆனால் முதலில் காரணத்தைப் பாருங்கள். ஆர்சிங்கில் மூலப் பாதையின் கடைசியில் வரும் சாய்கோடுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ‘/ஹோம்/சங்கம்/கோயில்’ என்று கொடுத்தால் அந்த ஃபோல்டரையே தூக்கிக்கொண்டு போய் வைக்கும். ‘/ஹோம்/சங்கம்/கோயில்/’ என்று கொடுத்தால் உள்ளே இருப்பதை மட்டும் வைக்கும். உங்கள் குழுவில் ஒருவர் சாய்கோட்டோடும் இன்னொருவர் அது இல்லாமலும் ஓட்டியிருப்பார்கள். 180 ஜிபி இரண்டாம் முறையாக உள்ளே இறங்கத் தொடங்கி, பாதி வழியில் டிரைவ் நிரம்பியிருக்கும்.

கட்டளையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

ஆர்சிங்க் -ஏஎச்வி --டெலீட்-பிஃபோர் /ஹோம்/சங்கம்/கோயில்/ /எம்என்டி/பேக்கப்/கோயில்/

இதில் எச் மட்டும் பெரிய எழுத்து. வெறும் ‘டெலீட்’ நகலெடுத்துக்கொண்டே, மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து அழிக்கும். உங்கள் டிரைவில் இடமே இல்லாததால் முதலில் அழித்துவிட்டுப் பிறகு நகலெடுக்கும் ‘டெலீட்-பிஃபோர்’தான் வேண்டும்.

உடனே எண்டர் தட்டிவிடாதீர்கள். ‘-ஏஎச்வி’யோடு ஒரு ‘என்’ சேர்த்து ‘-ஏஎச்விஎன்’ என்று ஒத்திகை பாருங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் அச்சிடும். ‘டெலீட்டிங்’ என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். உள்ளே முளைத்த ‘கோயில்/கோயில்’ மட்டும் அங்கே வந்தால் நல்லது. முன்னால் ‘கோயில்/’ இல்லாமல் 2019, 2020 என்று பழைய ஆண்டுப் படங்களும் வரிசையாக வந்தால் மூலப் பாதை தப்பு, அங்கேயே நிறுத்துங்கள்.

டெலீட் ஆப்ஷனின் உண்மையான ஆபத்து வேறு. படங்கள் லேப்டாப்பில் இல்லாமல் இன்னொரு டிரைவில் இருக்கின்றன என்று வையுங்கள். அந்த டிரைவ் ஒருநாள் மவுண்ட் ஆகவில்லை, அதாவது கணினியோடு இணையவில்லை. மவுண்ட் ஆகவேண்டிய இடத்தில் காலி ஃபோல்டர் ஒன்று இருக்கும். ஆர்சிங்க் அதைப் பார்த்து, “மூலத்தில் ஒன்றுமில்லை, நகலிலும் ஒன்றும் இருக்கக்கூடாது” என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் துடைத்துவிடும். மூலத்தைப் படிக்கும்போது பிழை வந்தால் அழிப்பதை அதுவே நிறுத்திக்கொள்ளும். ஆனால் காலி ஃபோல்டர் பிழை இல்லையே! தலைகீழாகவும் நடக்கும்: பேக்கப் டிரைவ் மவுண்ட் ஆகாவிட்டால் 180 ஜிபியும் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கிலேயே போய் இறங்கி அதை நிரப்பும். இரண்டுக்கும் ஒரே மருந்து. கட்டளைக்கு முன்னால் ‘மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/பேக்கப் &&’ என்று சேருங்கள். டிரைவ் இருந்தால்தான் அடுத்த பாதி ஓடும். மூலமும் தனி டிரைவாக இருந்தால் அதற்கும் இதேபோல் ஒன்று.

டிரைவ் கடையில் வாங்கியபடியே எக்ஸ்ஃபாட் வடிவத்தில் இருந்தால் உரிமையாளர், அனுமதி விவரங்களை அதில் எழுத முடியாது. ‘சௌன் ஃபெயில்ட்’ என்று திரை முழுக்கக் கத்திவிட்டு 23 என்ற பிழை எண்ணோடு முடியும். லினக்ஸ் மட்டுமே அந்த டிரைவைப் படிக்கப்போகிறது என்றால் லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவத்தில் ஃபார்மட் செய்துவிடுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. இப்படி எடுப்பது கண்ணாடிப் பிரதி. திங்கட்கிழமை யாரோ கணக்குக் கோப்பைக் கெடுத்தால் அன்றிரவே கெட்ட கோப்பு நல்ல கோப்பின் மேல் ஏறிவிடும். பழைய நாளுக்குத் திரும்பிப்போக ‘லிங்க்-டெஸ்ட்’ ஆப்ஷனைப் பயன்படுத்தி நாளுக்கு ஒரு ஃபோல்டர் எடுங்கள். மாறாத கோப்புகள் ஹார்ட் லிங்க்காக, அதாவது பழைய நகலுக்கே இன்னொரு பெயராகச் சேரும், இடம் பிடிக்காது. ‘லிங்க்-டெஸ்ட்’டுக்கு எப்போதும் முழுப்பாதை கொடுங்கள். சுருக்கப்பாதை கொடுத்தால் அதை நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எண்ணாது, சேருமிடத்திலிருந்து எண்ணும். லிங்க் எதுவும் பிடிக்காமல் தினமும் 180 ஜிபி முழுசாக இறங்கும். எக்ஸ்ஃபாட்டில் ஹார்ட் லிங்க்கே கிடையாது, அங்கே இது உதவாது.

கேள்வி: விண்டோஸில் ஒழுங்காக இருந்த தமிழ்ப் பெயர்க் கோப்புகள் சில லினக்ஸ் பேக்கப்பில் ஏற மறுக்கின்றன. ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்கிறது. பெயர் அவ்வளவு நீளமாகவும் இல்லை. ஏறிய கோப்புகளும் லாகில் ‘\#340\#256\#244’ என்று கிடக்கின்றன. கெட்டுப்போய்விட்டனவா? (ரோஸ்ஹில்)

கெடவில்லை. முதலில் லாகை முடித்துவிடுவோம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் மூன்று பைட். நீங்கள் எழுதிய மூன்று எண்களும் எட்டடிமானத்தில் ‘த’. யுடிஎஃப்-8 லொக்கேல் (மொழி அமைப்பு) இல்லாத இடத்தில், குறிப்பாக வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் ஓடும்போது, ஆர்சிங்க் அவற்றை அச்சிடத் தயங்கி எண்ணாக எழுதுகிறது. ‘-8’ ஆப்ஷன் சேர்த்தால் லாகில் தமிழ் வரும். டிஸ்க்கில் இருக்கும் பெயர் முதலிலிருந்தே சரி.

பெயர் நீளம்தான் நிஜமான சிக்கல். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள் அனுமதிக்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 அனுமதிப்பதும் 255தான், ஆனால் அது பைட். ‘தைப்பூசம்’ என்பதை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்குள் த, ஐகாரக் குறி, ப, புள்ளி, ப, ஊகாரக் குறி, ச, ம, புள்ளி என ஒன்பது குறி, அதாவது 27 பைட். ஆங்கிலப் பெயருக்கு 255 இடம் கிடைக்கும் டிஸ்க்கில் தமிழுக்கு 85 குறிதான். “தைப்பூசக் காவடி ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை...” என்று விவரமாகப் பெயர் வைக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை.

விண்டோஸ் டிரைவை லினக்ஸில் செருகி, மேல் ஃபோல்டரில் நின்று, எந்தெந்தப் பெயர் எல்லை தாண்டுகிறது என்று கேளுங்கள்:

ஃபைண்ட் . -பிரிண்ட்எஃப் '%எஃப்\என்' | எல்சி_ஆல்=சி ஆக் 'லெங்த் > 255'

‘எல்சி_ஆல்=சி’யில் எழுத்தெல்லாம் பெரிய எழுத்து. இதை விட்டுவிட்டால் சில கணினிகளில் ஆக் பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணும், பட்டியல் காலியாக வரும். வருகிற பெயர்களை விண்டோஸிலேயே சுருக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெயரை மாற்ற மனமில்லையென்றால் அந்த ஃபோல்டரை டார் கட்டளையால் ஒரே கட்டாக்கி, கட்டுக்குச் சின்னப் பெயர் வையுங்கள். கட்டுக்குள் நீளமான பெயர் பத்திரமாக இருக்கும். ஆனால் இஎக்ஸ்டி4இல் பிரிக்கும்போது அதே பிழை திரும்ப வரும்.

வீட்டில் பழைய மேக் இருந்தால் இன்னொரு வம்பு. அதன் எச்எஃப்எஸ்+ வடிவ டிஸ்க் ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை ஏகாரக் குறியும் காலும் எனப் பிரித்துச் சேமிக்கும். ஒகரமும் ஔகாரமும் அப்படியே. லினக்ஸ் கண்ணுக்கு இரண்டும் வேறு பெயர். அதனால் ‘கோயில்’ என்ற பெயரில், பார்வைக்கு அச்சு அசலாக, இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மேக்கிலிருந்து அனுப்பும்போது ‘--ஐகான்வ்=யுடிஎஃப்-8-மேக்,யுடிஎஃப்-8’ சேருங்கள். பழைய மேக்கோடு வரும் ஆர்சிங்க் 2.6.9 பதிப்பு. இந்த ஆப்ஷன் 3.0இல்தான் வந்தது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவில் புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைக் கணினி விண்டோஸ். நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை ‘/மிர்’ போட்டு ஓட்டினேன். காலையில் வந்து பார்த்தால் ஒரே கோப்பில் நிற்கிறது. முந்தைய வாரம் டி டிரைவ் முழுவதையும் எடுத்தபோது நகல் ஃபோல்டரே காணாமல் போனது. (த்ரியோலே)

கணக்கு மென்பொருள் கோப்பைத் திறந்து வைத்திருந்திருக்கும். திறக்க முடியாத கோப்பை ரோபோகாப்பி இயல்பாகப் பத்து லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி இடைவெளி விட்டு முயலும். ‘/ஆர்:2 /டபிள்யு:5’ சேர்த்தால் இரண்டு முயற்சியோடு நகரும். கணக்கு மென்பொருளை மூடிவிட்டு ஓட்டுவதும் அவசியம். திறந்திருக்கும் தரவுத்தளத்தை நகலெடுக்க முடிந்தாலும் அது பாதி எழுதிய நிலையில் இருக்கலாம்.

ஃபோல்டர் காணாமல் போகவில்லை, ஒளிந்திருக்கிறது. டிரைவின் வேர் ஃபோல்டருக்கு மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு அடையாளமும் உண்டு. அவை நகல் ஃபோல்டரோடு ஒட்டிக்கொண்டன. ‘அட்ரிப் -எச் -எஸ்’ என்று அடித்து, அருகில் அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள்.

பாதையை மேற்கோள் குறிக்குள் தரும்போது கடைசியில் பின்சாய்கோடு போடாதீர்கள். அது மூடும் மேற்கோளை விழுங்கிவிடும், இரண்டு பாதையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். முடிவு எண் 1 வந்தால் பயப்படவும் வேண்டாம். அது ‘கோப்புகள் நகலாயின’ என்று பொருள். 8 முதல்தான் தோல்வி.

கேள்வி: புயல் காலத்துக்காக வெளிநாட்டு சர்வரில் ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் பேக்கப் வைக்கலாமா? 180 ஜிபிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? (கியூர்பிப்)

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். தீவின் நீளமே சுமார் 65 கிலோமீட்டர். ஒரு புயல் வந்தால் உங்கள் வீடும் தம்பி வீடும் ஒரே மழையில்தான் நனையும். 2024 ஜனவரி 15இல் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். வீட்டில் ஒன்று, தீவுக்கு வெளியே ஒன்று என்பதே நமக்குப் பொருந்தும் கணக்கு.

ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 180 ஜிபிக்கு 40 மணி நேரம், அதுவும் வேகம் குறையாமல் ஓடினால். வீட்டில் மற்றவர்கள் இணையத்தைப் பயன்படுத்த ‘--லிமிட்-அப்லோட் 500’ கொடுங்கள். அது நொடிக்கு 500 கிலோபைட், ஏறக்குறைய 4 எம்பிபிஎஸ். அப்போது நான்கு நாளைத் தாண்டும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி அதே கட்டளையை ஓட்டுங்கள். ஏறி முடிந்த துண்டுகள் பெரும்பாலும் மறுபடி ஏறாது. ‘ரெப்பாசிட்டரி லாக்ட்’ என்று மறுத்தால், வேறெங்கும் ரெஸ்டிக் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ‘ரெஸ்டிக் அன்லாக்’.

ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறைகுறியாக்கித்தான் அனுப்பும். கடவுச்சொல் தொலைந்தால் சர்வர்காரரும் கைவிரிப்பார். சங்கத்துப் பேக்கப் என்றால் ‘ரெஸ்டிக் கீ ஆட்’ மூலம் பொருளாளருக்குத் தனிக் கடவுச்சொல் ஒன்று சேருங்கள். இரண்டில் எது இருந்தாலும் திறக்கும்.

பழையதைக் கழிக்க ‘ரெஸ்டிக் ஃபர்கெட் --கீப்-டெய்லி 7 --கீப்-வீக்லி 4 --கீப்-மன்த்லி 12 --ப்ரூன்’. ப்ரூன் இல்லாவிட்டால் பட்டியலிலிருந்துதான் போகும், இடம் திரும்ப வராது. கணினியின் பெயரையோ ஃபோல்டர் பாதையையோ மாற்றினால் ரெஸ்டிக் அதைத் தனிக் குழுவாக எண்ணும். பழைய குழுவின் பிரதிகள் கழியாமல் தங்கிவிடும்.

‘ரெஸ்டிக் செக்’ கட்டமைப்பைத்தான் பார்க்கும். உள்ளிருக்கும் தரவையும் படிக்க ஜனவரியில் ‘--ரீட்-டேட்டா-சப்செட்=1/12’, பிப்ரவரியில் ‘2/12’ என்று கொடுத்தால் ஆண்டு முடியும்போது முழுவதும் படித்தாகிவிடும். இதோடு மாதம் ஒருமுறை நாலைந்து படங்களையும் ஒரு கணக்குக் கோப்பையும் ‘ரெஸ்டிக் ரெஸ்டோர் லேட்டஸ்ட் --டார்கெட் /டிஎம்பி/சோதனை’ என்று, ‘--இன்க்ளூட்’ சேர்த்து, இறக்கித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை எங்கள் குழு பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

புயல் எச்சரிக்கையின் முதல் படியான கிளாஸ் ஒன் அறிவித்ததும் வீட்டு டிரைவில் கடைசி நகலை எடுத்து, ‘யுமவுண்ட்’ செய்து, கழற்றிவிடுங்கள். ‘டார்கெட் இஸ் பிஸி’ என்றால் ‘ஃப்யூசர் -விஎம் /எம்என்டி/பேக்கப்’ யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று சொல்லும். பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள் திறந்து வைத்த இன்னொரு முனையமாகத்தான் இருக்கும்.

கேள்வி: க்ரானில் இரவு 2 மணிக்கு வைத்த பேக்கப் ஓடுவதே இல்லை. கையால் ஓட்டினால் ஓடுகிறது. (மாஹேபூர்)

ஃபோல்டர் பெயரில் தேதி சேர்க்க ‘டேட் +%எஃப்’ (எஃப் பெரிய எழுத்து) போட்டிருக்கிறீர்களா? க்ரான் பட்டியலில் சதவீதக் குறி வரியை அங்கேயே வெட்டிவிடும். அதற்கு முன்னால் பின்சாய்கோடு போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் தனி ஸ்கிரிப்டில் வைத்து அதை மட்டும் க்ரானில் அழையுங்கள். ரெஸ்டிக் போன்றவற்றுக்கு முழுப்பாதை கொடுங்கள், க்ரானுக்குத் தெரிந்த பாதைகள் கொஞ்சம்தான்.

இரண்டு மணிக்கு லேப்டாப் அணைந்திருந்தால் க்ரான் அதை மறந்துவிடும். லினக்ஸில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் டைமரில் ‘ஆன்காலண்டர்’ நேரத்தோடு ‘பெர்சிஸ்டெண்ட்=ட்ரூ’ (ஆன், காலண்டர், பெர்சிஸ்டெண்ட் மூன்றுக்கும் முதல் எழுத்து பெரிய எழுத்து) வைத்தால் காலையில் கணினி எழுந்ததும் விட்டதை ஓட்டும். எனேபிள் செய்யவேண்டியது ‘.டைமர்’ கோப்பை, ‘.சர்வீஸ்’ கோப்பை அல்ல. ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’ அடித்தால் அடுத்து எப்போது ஓடும் என்று தெரியும்.