குடியேறும் முன் அந்த ஊரின் கடினமான மாதத்தைப் பாருங்கள்

பெருநகரத்தை விட்டுச் சிற்றூரில் குடியேற விரும்பும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. பதில் அளிப்பவர் குடிநீர்த் திட்டங்களில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இப்போது தாமும் ஒரு சிற்றூரில் வசிக்கிறார்.

கேள்வி: நானும் கணவரும் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டோம். இருவருமே வீட்டிலிருந்து வேலை செய்கிறோம். கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. இரண்டு ஊர்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று மலையடிவார ஊர். மழை விட்ட நேரத்தில் போனோம், எங்கு பார்த்தாலும் பச்சை. மற்றொன்று சமவெளியில் உள்ள சந்தை ஊர். பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் ரயில் நிலையமும் மருத்துவமனையும் இருக்கின்றன. மனம் மலையடிவாரத்துக்கே போகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது அம்மா?

மழை விட்ட நேரத்தில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். மலையடிவார ஊருக்கு அதன் கடினமான மாதத்தில் இன்னொரு முறை போய், ஒரு வாரமாவது தங்கிப் பாருங்கள். சில ஊர்களுக்கு அது வறட்சியின் கடைசி மாதம். சில ஊர்களுக்கு மண்சரிவில் சாலை துண்டிக்கப்படும் மாதம். குளிர்நாட்டு ஊர் என்றால் பனி மூடி, பகல் சுருங்கி, பாதிக் கடைகள் அடைத்துக் கிடக்கும் மாதம். அந்த வாரத்தில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, மின்சாரம் எப்போது போகிறது, பால் வண்டி வருகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் அங்கே வாழப்போவது பன்னிரண்டு மாதங்களும்தானே.

இனி உங்கள் கணவரைப் பற்றி. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடுதல். ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மூளை பிழைக்கும். மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதிசெய்யாமல் அந்த மருந்தைக் கொடுக்க முடியாது. ஆகவே ஊரில் மருத்துவமனை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். நள்ளிரவில் சி.டி. ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கிறாரா, எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் கிடைப்பாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். மாரடைப்புக்கும் இப்படித்தான். அடைப்பைக் குழாய் வழியே திறக்கும் சிகிச்சை இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்காது என்றால், கரைக்கும் மருந்தை முதலில் கொடுப்பதுதான் மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. அதையாவது கொடுக்கக்கூடிய மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும்.

தொலைவைக் கணக்கிடும்போது பலரும் பாதியைத்தான் கணக்கிடுகிறார்கள். ஆம்புலன்ஸ் மருத்துவமனையிலிருந்து புறப்பட்டு உங்கள் வீட்டுக்கு வந்து, ஏற்றிக்கொண்டு, திரும்பிப் போக வேண்டும். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு அது அறுபது கிலோமீட்டர். மலைப்பாதையில், இருட்டில், மழையில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த ஊர் ஓட்டுநர் ஒருவரிடம் கேளுங்கள். வரைபடம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம்.

என் பதில் சந்தை ஊர்தான். அதைப் பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் மருந்துக்கும் விதைக்கும் பள்ளிக்கும் வந்துபோகும் இடம் அது. அப்படிப்பட்ட ஊரில் தச்சர், மின்பணியாளர், பல் மருத்துவர் எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். மலையடிவாரத்துக்கு நினைத்தபோது போய்த் தங்கலாம். இதைத் தயங்கிச் சொல்லவில்லை. உங்கள் கணவரின் வயதும் உடல்நிலையும் இந்தத் தேர்வை எளிதாக்கிவிட்டன.

கேள்வி: ஊரும் வீடும் முடிவாகிவிட்டன. வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக, குடிக்க இனிமையாக இருக்கிறது. இதற்கும் பரிசோதனை தேவையா? கைக்குழந்தை இருக்கிறது.

கட்டாயம் தேவை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரட்டிப்பாகத் தேவை. நிலத்தடி நீரில் நான் அஞ்சும் மூன்று பொருள்களுக்கும் நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஃப்ளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமையும், ஆர்சனிக் 0.01 மில்லிகிராமையும், நைட்ரேட் 50 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. முதல் இரண்டும் பெரும்பாலும் பாறையிலிருந்து கரைந்து வருகின்றன. மூன்றாவது வயல் உரத்திலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் இறங்குகிறது.

உங்கள் குழந்தைக்கு உடனடி ஆபத்து நைட்ரேட்தான். புட்டிப்பால் கலக்கும் நீரில் அது அதிகமாக இருந்தால், சில மாதக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாய்கிறது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். காய்ச்சும்போது நீர்தான் ஆவியாகிறது, நைட்ரேட் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஃப்ளோரைடும் ஆர்சனிக்கும்கூடக் காய்ச்சினால் போகாது. கிருமிகளுக்கு மட்டுமே அது மருந்து.

ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊரை ஆய்வகத்துக்குப் போகும் முன்பே ஓரளவு அறிந்துகொள்ளலாம். நான் ஒரு ஊருக்கு முதன்முறை போனால் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பேன். பல் உருவாகும் சிறுவயதில் ஃப்ளோரைடு மிகுந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் வெண்திட்டுகளோ பழுப்புக் கறைகளோ படிந்திருக்கும். வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்தவர்களுக்கு அந்தக் கறை இருக்காது. பிறந்து வளர்ந்த பலருக்கும் இருந்து, வந்தவர்களுக்கு இல்லாவிட்டால், தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பரிசோதனையை ஒருமுறையோடு நிறுத்தாதீர்கள். வறட்சியின் இறுதியில் ஒன்று, முதல் பெருமழைக்குப் பின் ஒன்று. கிருமிகள் பெரும்பாலும் மழைக்குப் பின்தான் பிடிபடும். மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்ற பாக்டீரியா 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆய்வகமே தரும் தூய்மைப்படுத்தப்பட்ட புட்டியில் எடுத்து, குளிரூட்டி, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

கிணற்றின் ஆழத்தையும் கேளுங்கள், உங்களுடையதை மட்டுமல்ல. அக்கம்பக்கத்தில் முதலில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் கிடைத்தது, பிறகு எப்போது ஆழப்படுத்தினார்கள், கடைசியாகத் தோண்டியவர் எத்தனை அடி போனார் என்று விசாரியுங்கள். ஒவ்வொருவரும் முந்தையவரைவிட ஆழமாகப் போயிருந்தால், அந்த ஊர் சேமிப்பை எடுத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. வீடு விற்பவர் இதைச் சொல்லமாட்டார். மோட்டார் பழுதுபார்ப்பவர் சொல்வார். எந்த வீட்டு மோட்டார் எந்த மாதத்தில் காற்றை இழுக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்களுடையதும் பக்கத்து வீட்டுடையதும் கிணற்றைவிடத் தாழ்ந்த நிலத்தில், தள்ளி இருக்க வேண்டும்.

ஃப்ளோரைடு மட்டும் சற்றுக் கூடுதல் என்றால் வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. ஆர்.ஓ. எனப்படும் சவ்வூடு வடிகட்டி அதை நீக்கும். ஆனால் அந்தக் கருவி உள்ளே வாங்கும் நீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியேற்றும். ஏற்கெனவே நீர் குறைந்த ஊரில் அதுவும் ஒரு கவலை.

கேள்வி: சில நாடுகளில் சிற்றூருக்குக் குடியேறுபவர்களுக்குப் பணமே கொடுக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமமான ஆல்பினென் 2017-இல் வாக்கெடுப்பு நடத்தி, குடியேறும் பெரியவர் ஒருவருக்கு 25,000 ஃபிராங்கும் குழந்தைக்கு 10,000 ஃபிராங்கும் தர முடிவெடுத்தது. வயது 45-க்குள் இருக்க வேண்டும், குறைந்தது 2,00,000 ஃபிராங்க் மதிப்புள்ள வீட்டை வாங்கவோ கட்டவோ வேண்டும், பத்தாண்டுகளுக்குள் போய்விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஜப்பான் 2019-இல் தோக்கியோவிலிருந்து வெளியேறும் குடும்பத்துக்குப் பத்து லட்சம் யென் வரை தரத் தொடங்கியது. அங்கும் ஐந்தாண்டுகளாவது தங்க வேண்டும்.

நிபந்தனைகளை ஊன்றிப் படியுங்கள். அதைவிட முக்கியமாக, அந்த ஊர் ஏன் ஆளைத் தேடுகிறது என்று யோசியுங்கள். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. ஆட்கள் போய்விட்ட ஊரில் வீடு மலிவாகக் கிடைக்கும், மருந்துக்கடையும் பள்ளியும் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பணம் தராத ஊருக்கும் இந்தச் சோதனை பொருந்தும். தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், மேல்வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று ஒப்பிடுங்கள். கீழ்வகுப்பு ஆண்டுக்காண்டு சுருங்கினால் அந்தப் பள்ளியை வேறொன்றோடு இணைக்கும் பேச்சு விரைவில் எழும். ஊரே ஒரே தொழிற்சாலையை, ஒரே சுரங்கத்தை நம்பியிருந்தால் நான் அங்கே சொத்து வாங்கமாட்டேன்.

கேள்வி: நான் மென்பொருள் பணியாளர். இணையம் இல்லாவிட்டால் வேலை இல்லை. சிற்றூரில் செயற்கைக்கோள் இணையம் போதுமா?

எந்தச் செயற்கைக்கோள் என்பதைப் பொறுத்தது. பழைய வகை, பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. உங்கள் கேள்வி மேலே போய், கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர அரை நொடி ஆகிவிடும். காணொளிக் கூட்டத்தில் ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு விழுந்துகொண்டே இருக்கும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வானம் மறைக்காத இடம் வேண்டும். பள்ளத்தாக்கும் அடர்ந்த மரங்களும் இடையூறு செய்யும்.

கண்ணாடி இழைக் கம்பி வந்திருக்கும் தெருவில் வீடு கிடைத்தால் அதுதான் சிறந்தது. ஊருக்கு வந்துவிட்டது என்று சொன்னால் போதாது, உங்கள் வாசல்வரை வருமா என்று கேளுங்கள். மின்சாரம் நின்றால் கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலமும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடக்கூடும். ஆகவே மின்வெட்டு நாளில் அங்கே உட்கார்ந்து ஒரு முழு வேலைநாளைச் செய்து பாருங்கள்.

கேள்வி: மகளுக்குப் பதினான்கு வயது. நாங்கள் கிளம்பத் தயார், அவள் வர மறுக்கிறாள். அழுகிறாள். போகப் போகப் பழகிவிடும் என்கிறார் கணவர்.

இந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு வருத்தமாக இருந்தது. உங்கள் மகள் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவளுடைய வாழ்க்கையில் பெற்றோர் அல்லாத எல்லாமே அந்த நகரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் விரும்பிப் போகிறீர்கள், அவள் இழுத்துச் செல்லப்படுகிறாள். பழகிவிடும் என்பது சிறு குழந்தைக்குப் பொருந்தலாம். பதினான்கு வயதில் அப்படிச் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

இரண்டு வழிகள் தோன்றுகின்றன. பள்ளிப் படிப்பு முடியும்வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால், போவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், எந்த ஊர் என்பதில் அவளுக்கு மறுக்கும் உரிமை கொடுங்கள். இது பெயரளவுக்கு இருக்கக் கூடாது. அவள் வேண்டாம் என்று சொன்ன ஊரை உண்மையிலேயே விட்டுவிட வேண்டும்.

அவளுக்கான ஊருக்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். நீங்கள் வண்டியில் கொண்டுபோய் விடாமல், அவளே பள்ளிக்கும் நூலகத்துக்கும் தோழி வீட்டுக்கும் போய்வர முடிய வேண்டும். கடைசி பஸ் மாலை ஆறு மணிக்கே போய்விடும் ஊரில் ஒவ்வொரு மாலையும் அவள் வீட்டில் அடைபட்டிருப்பாள். நகரத்தில் அவளுக்கு இருந்த சுதந்திரம் சிற்றூருக்கு வந்ததால் குறைந்தது என்றால், அந்த ஊரை அவள் மன்னிக்கமாட்டாள். உங்களையும்தான்.

கேள்வி: நகரத்து வீட்டை விற்று அந்தப் பணத்தில் சிற்றூரில் வீடு வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு விற்காதீர்கள். நகரத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அங்கே ஒரு வாடகை வீட்டில் எல்லாப் பருவங்களும் ஒரு சுற்று வரும்வரை இருங்கள். பெருநகரத்தில் விலை சிற்றூரைவிட வேகமாக ஏறினால், விற்றுவிட்டவரால் அதே பணத்தில் திரும்பி வர முடியாது. வாடகைக்கு இருக்கும் அந்த நாட்களில் இரண்டு வகையினரோடு பேசுங்கள். உங்களைப் போலவே நகரத்திலிருந்து வந்து சில ஆண்டுகளாகத் தங்கிவிட்டவர்கள் ஒரு வகை. வந்து, முடியாமல் திரும்பிப் போனவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரைத் தேடுவது சிரமம், ஆனால் அவர்கள்தான் அதிகம் சொல்வார்கள்.

வாங்கும் நேரம் வந்தால், பத்திரத்தில் வீட்டின் எல்லையோடு நின்றுவிடாதீர்கள். வாசலிலிருந்து பொதுச்சாலைவரை உள்ள பாதை யாருடைய நிலத்தில் போகிறது, அதில் வண்டி ஓட்ட உங்களுக்கு எழுத்துப்பூர்வமான உரிமை உண்டா, கிணறு பொதுவானது என்றால் யாருக்கு எந்த நேரம் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். வாய்வார்த்தையாக இருக்கும் வழித்தடம், பக்கத்து நிலம் கைமாறும் நாளில் வேலி போட்டு அடைக்கப்படலாம்.